சீட்டு விழாத ஷூ வியாபாரி

(ஒரு வணிகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தர்மம் செய்த வியாபாரிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் என்னை அழைத்தீர்கள். சத்திரம் கட்டியவர், பள்ளிக்கூடம் வைத்தவர் என்று நம் ஊரிலேயே பலர் இருக்க, அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஒரு சின்ன ஊரில் ஷூ விற்றவரை எதற்கு இழுத்துவருகிறீர்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். நாம் சொல்லும் வள்ளல் கதைகளில் வியாபாரி சம்பாதித்ததைக் கொடுக்கிறார். எப்படிச் சம்பாதித்தார் என்பது ஒரு கதை, எப்படிக் கொடுத்தார் என்பது வேறு கதை. ஓரி மில்லர் என்ற இந்த மனிதரிடம் அந்த இரண்டும் ஒரே கதை. கொள்முதல், சரக்கு, போக்குவரத்து, கடன், வசூல் என்று கடையில் என்ன செய்தாரோ, பசித்தவர்களுக்கும் அகதிகளுக்கும் அதையேதான் செய்தார். அதனால் விளைந்த நன்மை பெரியது. அதனால் அவர் கண்ணில் படாமல் போனவையும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் மென்னோனைட்டுகள் யார் என்று பார்த்துவிடுவோம். 1525இல் சூரிச் நகரில் சிலர், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் மனம் ஒப்பிப் பெறுவதுதான் செல்லும் என்றார்கள். ஆயுதம் ஏந்த மாட்டோம், சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். கத்தோலிக்கர்கள், புராட்டஸ்டன்ட்டுகள் என இரு தரப்பும் அவர்களை வேட்டையாடியது. நெதர்லாந்தில் குருப்பட்டத்தை 1536இல் உதறிவிட்டு இவர்களோடு சேர்ந்த மென்னோ சிமன்ஸ் என்பவரின் பெயர்தான் கூட்டத்துக்கு நிலைத்தது. ஓடிக்கொண்டே இருந்தவர்கள் ஒரு கிளையாக அமெரிக்கா போனார்கள். இன்னொரு கிளையை ரஷ்யப் பேரரசி கேத்தரின் அழைத்து, இன்றைய உக்ரைன் பகுதியில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார். படையில் சேர வேண்டாம் என்ற வாக்குறுதியும் உண்டு. இந்தியாவுக்கு இவர்கள் புதியவர்கள் அல்லர். பஞ்சம் பட்ட 1890களில் இங்கே தானியம் அனுப்பினார்கள். 1899இல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள தம்தரியில் ஊன்றி, மருத்துவமனையும் பள்ளியும் நடத்தினார்கள்.

ஓரி மில்லர் 1892இல் இந்தியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1915இல் கோஷன் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு எல்ட்டா உல்ஃப் என்ற பெண்ணை மணந்து, மனைவியின் ஊர்ப்பக்கமான பென்சில்வேனியாவில் ஆக்ரனுக்கு வந்து மாமனாரின் ஷூத் தொழிலில் சேர்ந்தார். பின்னாளில் அவர் நடத்தியது மில்லர் ஹெஸ் என்ற நிறுவனம். மருமகன் மாமனார் கடையில் உட்காருவது நமக்குப் புரியாத விஷயமா என்ன?

ஆனால் அவர் ஆக விரும்பியது வியாபாரி அல்ல, போதகர். அந்த வட்டாரத்துச் சபையில் அப்போது போதகரைத் தேர்ந்தெடுத்த முறை விசித்திரமானது. தகுதி உள்ளவர்கள் என்று ஊர் சொல்லும் ஆட்களை வரிசையாக உட்காரவைப்பார்கள். மேசையில் அத்தனை புத்தகங்கள், எல்லாம் ஒரே மாதிரி. அவற்றுள் ஒன்றில் ஒரு துண்டுச் சீட்டு ஒளிந்திருக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவரைக் கடவுள் தேர்ந்துவிட்டார், ஆயுள் முழுக்க அவர்தான் போதகர். உத்திரமேரூர்க் குடவோலையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓராண்டுப் பதவி, இங்கே ஆயுள் தண்டனை. மில்லர் அந்த வரிசையில் உட்கார்ந்தார். புத்தகத்தை எடுத்தார். சீட்டு இல்லை.

சீட்டு விழாதது அவரை உலுக்கியது. கடவுளின் முடிவு என்று நம்புகிறவருக்கு மேல்முறையீடு கிடையாது. பிரசங்கம் என் வேலை இல்லை என்றால் வேறு எது என் வேலை என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அதற்குப் பதில் தேடித்தான் வாழ்நாள் முழுவதும் ஓடினார் என்பது என் எண்ணம். அதற்காகத்தான் இந்தச் சீட்டுக் கதையை இவ்வளவு நேரம் சொன்னேன்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், அண்மைக் கிழக்கு நிவாரண அமைப்புக்காக பெய்ரூத்துக்குப் போய் வேலை பார்த்தார். அகதிகளுக்குச் சாமான் போய்ச் சேருவது எப்படி என்று அங்கே கற்றார்.

இதற்குள் ரஷ்யாவில் இருந்த மென்னோனைட்டுகளின் நிலை தலைகீழாகிவிட்டது. நூறாண்டுக்கு மேலாக உழுது செழித்த கிராமங்கள். மாவு ஆலை, பள்ளிக்கூடம், ஓட்டுக் கூரை வீடு எல்லாம் இருந்தன. சுற்றிலும் இருந்த ஏழை உக்ரைனிய விவசாயிகள் பொறாமைப்படும் அளவுக்குச் செல்வம். உள்நாட்டுப் போரில் அதற்கு விலை கொடுத்தார்கள். போல்ஷெவிக்குகளின் செம்படை, அவர்களை எதிர்த்த வெள்ளைப்படை, கிளர்ச்சித் தலைவன் மக்னோவின் ஆட்கள் என்று ஒவ்வொருவராக அதே கிராமங்களுக்குள் புகுந்து வெளியேறினார்கள். கொலை, கொள்ளை, பின்னாலேயே டைஃபஸ் காய்ச்சல். 1920இல் அவர்களின் தூதர்கள் நான்கு பேர் அமெரிக்கா வந்து நிலைமையைச் சொன்னார்கள். அமெரிக்க மென்னோனைட்டுகளோ பத்துப் பன்னிரண்டு பிரிவாக உடைந்து கிடந்தவர்கள். கோட்டுக்குப் பொத்தான் வைக்கலாமா, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்தலாமா என்றெல்லாம் பிரிந்தவர்கள். அவர்கள் ஒன்றுகூடி மென்னோனைட் மையக் குழு என்ற ஒன்றை அமைத்தார்கள். முறைப்படி அது உருவானது 1920 செப்டம்பர் 27, சிகாகோவில்.

வேடிக்கை என்னவென்றால், குழு முறைப்படி பிறப்பதற்கு முன்பே அதன் ஆட்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். 28 வயது மில்லர், ஆர்தர் ஸ்லேகல், கோஷன் கல்லூரி மாணவர் கிளேட்டன் கிராட்ஸ் ஆகிய மூவரும் செப்டம்பர் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டார்கள். ஸ்லேகல் கான்ஸ்டான்டிநோபிளில் தங்க, மற்ற இருவரும் கருங்கடலைக் கடந்தார்கள். தென் ரஷ்யாவில் அப்போது தளபதி ராங்கலின் வெள்ளைப்படை ஆட்சி. மொலொச்னா குடியிருப்பின் தலையூரான ஹால்ப்ஷ்டாட்டுக்குப் போய் ஊர்ப் பெரியவர்களைச் சந்தித்தார்கள். எத்தனை குடும்பம், என்ன துணி, என்ன மருந்து, எவ்வளவு மாவு என்று கணக்கெடுத்தார்கள். சரக்குக்கு ஏற்பாடு செய்ய மில்லர் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் திரும்ப, பகிர்ந்தளிக்கும் வேலைக்கு அடிபோட கிராட்ஸ் ஊரிலேயே தங்கினார்.

அடுத்த சில வாரங்களில் போர்முனை சரிந்தது. ஹால்ப்ஷ்டாட் செம்படை வசம் போனது. நவம்பர் நடுவில் கிரிமியாவும் போயிற்று. கிராட்ஸைப் பிடித்தார்கள், விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. வயது 24. உடல் கிடைக்கவில்லை, கல்லறை இல்லை. கப்பலில் ஏற்ற வேண்டிய துணிமணி மில்லரின் கையில் இருக்கிறது. அதைப் பகிர்ந்தளிக்க வேண்டிய ஆள் இல்லை. யார் தங்குவது, யார் திரும்புவது என்பது இரண்டு பேர் பேசி எடுத்த சாதாரண வேலைப் பிரிவினை. வியாபாரம் தெரிந்தவர் கொள்முதலுக்குப் போனார், அவ்வளவுதான். அந்த வேலைப் பிரிவினை ஒருவருக்கு 84 வயது வரை ஆயுளைக் கொடுத்தது, மற்றவருக்கு அந்தக் குளிர்காலத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

கதவு அடைபட்டது. 1921 அக்டோபரில், அதே குடும்பப்பெயர் கொண்ட ஆல்வின் மில்லர் என்பவர் மாஸ்கோவில் சோவியத் அரசோடு நிவாரண ஒப்பந்தம் செய்துகொண்டு அதைத் திறந்தார். அதற்குள் பஞ்சம் முற்றிவிட்டது. 1922 மார்ச்சில் உக்ரைனில் கஞ்சித்தொட்டிகள் திறந்தன. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குச் சுமார் 25,000 பேர் சாப்பிட்டார்கள். ஆக்ரனுக்குத் திரும்பிவிட்ட ஓரி மில்லர் அங்கே கரண்டி பிடிக்கவில்லை. ஆனால் அந்த நிவாரணத்தில் நான் உங்களுக்குக் காட்ட விரும்பும் சரக்கு சாப்பாடு இல்லை, 50 டிராக்டர்கள்.

யோசித்துப் பாருங்கள். ஊரே பட்டினி கிடக்கும்போது டிராக்டர் எதற்கு? கிராமங்களின் குதிரைகளில் ஒரு பகுதியைப் படைகள் ஓட்டிச் சென்றுவிட்டன, மிஞ்சியதைப் பசிக்குத் தின்றுவிட்டார்கள். உழ எதுவும் இல்லை. இந்த ஆண்டு கஞ்சி ஊற்றினால் அடுத்த ஆண்டும் கஞ்சிதான் ஊற்ற வேண்டும். அதனால் ஃபோர்ட்சன் டிராக்டர், ஹென்றி ஃபோர்டு தயாரித்த இரும்புச் சக்கர வண்டி, கலப்பையோடு சேர்த்து 50 எண்ணிக்கையில் கப்பலேறியது. கஞ்சித்தொட்டிப் பணத்தில் இயந்திரம் வாங்குவது எந்தக் காலத்திலும் எளிதாக விளக்கக்கூடிய செலவு இல்லை. அப்படி ஒரு செலவை ஒப்புக்கொண்ட குழுவில், முதலுக்கும் செலவுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பஞ்சம் தீர்ந்ததும் குழுவைக் கலைத்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. கலைய விடாமல் செய்தவர் ஸ்டாலின். 1929இன் கடைசி மாதங்களில், கூட்டுப்பண்ணைக்குத் தப்பி, மென்னோனைட்டுகள் உள்ளிட்ட, ஜெர்மன் பேசும் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மாஸ்கோவின் புறநகரில் குவிந்து, வெளியேற அனுமதி கேட்டார்கள். பெரும்பாலோரை ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். சில ஆயிரம் பேர் மட்டும் ஜெர்மனி போய்ச் சேர்ந்தார்கள். ஜெர்மனியில் நிரந்தர இடமில்லை, கனடா கதவைச் சாத்திவிட்டது. தென் அமெரிக்காவில் பராகுவே மட்டும், படையில் சேர வேண்டாம் என்று 1921லேயே சட்டம் போட்டு வைத்திருந்தது. ஆனால் கிடைத்த நிலம் சாக்கோ. முட்செடிக் காடு, கசப்புப் புல், கிணறு வெட்டினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். ஆற்றுத் துறையிலிருந்து சிறிய ரயில் பாதை ஒன்று 145ஆவது கிலோமீட்டரில் நின்றுவிடும், அதற்கு மேல் மாட்டுவண்டி. 1930இல் அங்கே ஃபெர்ன்ஹைம் என்ற குடியிருப்பு உண்டானது. முதல் ஆண்டிலேயே டைஃபாய்டில் பலர் செத்தார்கள். 1932இல் பராகுவேயும் பொலிவியாவும் அதே சாக்கோவுக்காகச் சண்டையில் இறங்கின. படைக்குப் பயந்து உலகைச் சுற்றி வந்தவர்களின் வாசலிலேயே போர்!

இந்தச் சமயத்தில், 1935இல், மையக் குழுவின் நிர்வாகச் செயலாளர் பொறுப்பு மில்லரிடம் வந்தது. தலைமையகமும் அவரோடு ஆக்ரனுக்கு வந்தது. முதலில் அவர் வீடுதான் அலுவலகம். பராகுவேயிலிருந்து கடிதம், ஜெர்மனியிலிருந்து தந்தி, வேலைக்குக் கிளம்பும் இளைஞர்கள், ஊர் திரும்பும் ஊழியர்கள் எல்லாம் அந்த வீட்டு வாசலில்தான். ஊர் ஊராகப் போனவர் கணவர். வீட்டையும் வந்தவர்களையும் கவனித்தவர் எல்ட்டா. நிறுவன வரலாறுகளில் அந்தச் சமையலறைக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அதிகம். அவர்கள் வீட்டுச் செலவு ஷூ வியாபாரத்திலிருந்து வந்தது. குழுவின் வேலை அதற்கு மேற்பட்டது. 1958 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இதற்கு நடுவே 1934இல் ஆப்பிரிக்காவின் டாங்கனீகாவில் சபைப் பணியைத் தொடங்கி வைத்தார், 1945இல் மென்னோனைட்டுகளின் பரஸ்பர உதவி நிதி அமைப்பு உருவாகக் கைகொடுத்தார். அவர் உட்கார்ந்த குழுக்களின் பட்டியலைப் படித்தால் நாம் வீடு போய்ச் சேர மாட்டோம்.

அடுத்தது இரண்டாம் உலகப் போர். முதல் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்களை அமெரிக்கா நடத்திய விதம் கொடூரம். ஹட்டரைட் பிரிவைச் சேர்ந்த நான்கு பேரை அல்கட்ராஸ் சிறையில் அடைத்து, பிறகு லெவன்வொர்த்துக்கு மாற்றினார்கள். அவர்களில் ஹோஃபர் சகோதரர் இருவர் 1918இல் அங்கேயே இறந்தார்கள். மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்று மென்னோனைட், குவேக்கர், பிரதரன் ஆகிய மூன்று சபைகளும் 1940லேயே வாஷிங்டனில் பேசத் தொடங்கின. பேசியவர்களில் முக்கியமானவர் மில்லர். உடன்பாடு இதுதான்: மறுப்பாளர்கள் சிறைக்குப் போக வேண்டாம், படைக்கும் போக வேண்டாம், முகாம்களில் தங்கி மண் அரிப்பைத் தடுப்பது, காட்டுத்தீயை அணைப்பது, மனநோய் மருத்துவமனையில் பணிவிடை செய்வது போன்ற வேலைகளைப் பார்க்கலாம். சம்பளம் கிடையாது. முகாம் செலவையும் சபைகளே ஏற்க வேண்டும். சுமார் 12,000 பேர் இப்படி வேலை செய்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மென்னோனைட்டுகள்.

இது நல்ல பேரமா? உட்கார்ந்து பேசி முடித்த வியாபாரிக்கு நல்ல பேரம்தான். ஆனால் மனச்சாட்சிக்காக நிற்பவனிடம் கூலியில்லாமல் வேலை வாங்குவதற்குச் சபையே மேஸ்திரியாக இருப்பதா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. இந்த ஏற்பாடே வேண்டாம் என்று சிறைக்குப் போனவர்களும் உண்டு. எனக்கு அவர்கள் கேள்வி நியாயமாகவே படுகிறது. அதே சமயம், மனநோய் மருத்துவமனைகளுக்குள் போன அந்த இளைஞர்கள்தான் அங்கே நோயாளிகள் நிர்வாணமாக, கட்டப்பட்டு, அழுக்கில் கிடந்ததை எழுதி வைத்தார்கள். அவர்கள் தந்த குறிப்புகளைக் கொண்டு 1946இல் லைஃப் பத்திரிகை வெளியிட்ட கட்டுரை நாட்டையே அதிரவைத்தது. மையக் குழு மனநல மருத்துவமனைகளைத் தானே தொடங்கியது. 1949இல் மேரிலாந்தில் புரூக் லேன், அடுத்து கலிஃபோர்னியாவில் ஒன்று, கான்சஸில் ஒன்று. பேரம் பேசும்போது யாரும் எதிர்பாராத லாபம் இது.

இப்போது 1953க்கு வருகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பகுதிதான் தேவைப்படும்.

பராகுவேக் குடியிருப்புகள் இருபது ஆண்டுக்கு மேலாகியும் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தன. போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து புதிய அகதிகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பருத்தியும் கடலையும் விளைகிறது; தலைநகர் அசுன்சியானுக்குக் கொண்டுபோவதற்குள் வண்டிக்கூலியும் படகுக்கூலியும் விலையைத் தின்றுவிடுகிறது. வங்கி கடன் தராது. அமெரிக்காவிலிருந்து பழைய துணியும் டின் இறைச்சியும் வருகிறது. எத்தனை நாளைக்கு? அந்த ஆண்டு டிசம்பரில் சிகாகோவில் ஒரு ஹோட்டலில் சில மென்னோனைட் வியாபாரிகள் கூடினார்கள். மில்லர் இருந்தார். ஒஹையோவில் தச்சுப் பட்டறையில் தொடங்கி மரச்சாமான் தொழிலதிபரான ஈரி சாடர் இருந்தார். வின்னிபெக்கிலிருந்து சி.ஏ. டிஃபேர். இந்த டிஃபேர் 1920களில் ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த அகதி, கனடாவில் வணிகராக நிமிர்ந்தவர். பெறுகிற பக்கமும் தருகிற பக்கமும் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவர்கள் தொடங்கியது மென்னோனைட் பொருளாதார வளர்ச்சிக் கூட்டமைப்பு. ஆங்கிலச் சுருக்கத்தில் மேடா என்பார்கள். நன்கொடை வேண்டாம், முதல் போடுவோம் என்பது ஏற்பாடு. உள்ளூர்க்காரர் பங்காளி. தொழில் நடக்கட்டும், கடன் திரும்பட்டும், திரும்பிய பணத்தை அடுத்தவருக்குக் கொடுப்போம். முதல் திட்டம் ஃபெர்ன்ஹைமில் சரோனா என்ற பால்பண்ணை. நல்ல இன மாடுகளை வளர்த்து, குடியிருப்பு முழுவதின் மந்தையையும் தரம் உயர்த்துவது நோக்கம். பருத்தி மழையை நம்பியது, பால் அன்றாடம் காசு. அடுத்தடுத்து வந்தவற்றில் தோல் பதனிடும் தொழிலும் ஷூத் தயாரிப்பும் இருந்தன. அந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1961இல் சாக்கோவின் குறுக்கே அசுன்சியானுக்குச் சாலையும் வந்துவிட்டது. இன்று பராகுவேயின் பால் பொருள்களில் பெரும் பங்கு மென்னோனைட் கூட்டுறவுகளிலிருந்து வருகிறது.

பிச்சை கொடுக்காதே, கடன் கொடு என்று இதைச் சுருக்கி, சிறுகடன் விளம்பரம்போலச் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் பாதி விஷயம் போய்விடும். 1930இல் இதே மனிதர்களிடம் கடன் மட்டுமே என்று பேசியிருந்தால் பலர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். கஞ்சிக்கு ஒரு காலம், டிராக்டருக்கு ஒரு காலம், வட்டிக் கணக்குக்கு ஒரு காலம். எது எப்போது என்று தெரிவதுதான் தொழில் தெரிவது. மில்லருக்கு அது தெரிந்திருந்தது. மையக் குழுவின் நன்கொடைப் பணத்தையும் மேடாவின் முதலையும் அவர் ஒரே பையில் போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவர் பேரேட்டில் வராதவற்றைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். ஒன்று, ஃபெர்ன்ஹைமுக்குள்ளேயே நடந்தது. ஸ்டாலினிடமிருந்து தப்பியவர்களில் ஒரு பகுதியினர் 1930களில் ஹிட்லரின் ஜெர்மனியைத் தாய்வீடாகக் கொண்டாடினார்கள். பள்ளிக்கூடம் வரை அது பரவி, 1944இல் அடிதடியில் முடிந்தது. படை வேண்டாம் என்ற நம்பிக்கைக்காகக் காப்பாற்றப்பட்டவர்கள் அந்த நம்பிக்கையையே கைவிடும் நிலைக்கு வந்தார்கள். எத்தனை மூட்டை மாவு போனது என்று கேட்கும் நிர்வாகம், மாவு தின்றவர்கள் என்ன பாடம் நடத்துகிறார்கள் என்று தாமதமாகத்தான் கேட்டது.

இரண்டாவது, நிலம். சாக்கோ ஆளில்லாக் காடு என்று பத்திரத்தில் எழுதியிருக்கலாம். அங்கே என்ஹ்லெத் மக்கள் இருந்தார்கள். வேட்டையும் சேகரிப்புமாக அந்தத் தண்ணீர்க் குட்டைகளைச் சுற்றி வாழ்ந்தவர்கள். நிலத்தை விற்ற கம்பெனியோ வாங்கிய குழுவோ அவர்களைக் கேட்கவில்லை. குடியேறிகளும் போர்ப்படையும் வந்த சில ஆண்டுகளில் பெரியம்மை அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. மிஞ்சியவர்கள் தங்கள் நிலத்திலேயே மென்னோனைட் பண்ணைகளில் கூலிக்கு நின்றார்கள். மேடாவின் முதல் கடன், ரஷ்யாவில் நிலம் பறிபோனவர்கள் நிமிர உதவியது. அவர்கள் நிமிர்ந்து நின்ற மண் வேறொருவர் இழந்தது. குடியிருப்புகள் பழங்குடியினருக்கென நிலம் வாங்கி வேளாண் குடியிருப்புகள் அமைத்தது பிற்காலத்தில். அதற்கென அமைப்புகளும் வந்தன. அவற்றைப் பாராட்டுபவர்களும் இருக்கிறார்கள், முதலாளி கொடுக்கும் இனாம் என்று சாடுபவர்களும் இருக்கிறார்கள். மில்லர் 1977இல் காலமானார்.

அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என்ஹ்லெத் மக்களுக்கும் அன்றே பங்காளிக் கடன் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், நிலமே இல்லாதவனுக்குக் கடன் எதற்கு உதவும் என்று என் நண்பர் ஒருவர் வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கடன் விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர். மூன்றாவது வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.